ஐந்து மந்திரம்

8 ஜனவரி 1973, திங்கள்
சங்கு குளிக்கப் போய் வந்தேன். ஆறு தடவை முங்கினதற்கே காது இரைகிறது. நாற்பத்தேழு ஒரு வயதா? இளவட்டம் ஹென்றி பதினைந்து தடவை முங்கிவிட்டுப் படகில் உட்கார்ந்து பாட்டுப் பாடுகிறான்.
நாளை முதல் விடிய நூறு தண்டால். திரேஸ்புரம் வரை மணலில் ஓட்டம். இருபத்தைந்து வயதில் செய்ததுதானே.

9 ஜனவரி
நாற்பதாவது தண்டாலிலேயே குப்புற விழுந்தேன். என் பெண்டாட்டி பிலோமி பார்த்துவிட்டாள். "என்ன, மறுபடியும் மாப்பிள்ளை பாக்க வாராகளா?" என்று சிரிக்கிறாள். மீதி அறுபதையும் முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

15 ஜனவரி
ஒரு வாரமாகத் தண்டால், ஓட்டம், அதன் பிறகு கடல். தூக்கம் இல்லை. வலது தோள் எழும்ப மாட்டேன் என்கிறது.
முங்கும்போது என் இடுப்புக் கயிற்றைப் படகிலிருந்து பிடிப்பவன் பிலோமியின் தம்பி இனிகோ. எங்கள் பக்கம் மச்சினனைத்தான் நம்பிக் கயிற்றைக் கொடுப்பது. அக்காள் தாலியை நினைத்தாவது கவனமாக இருப்பான் அல்லவா? நான் இறங்கியதும் நேரக் கணக்குக்காக மாதாவின் அருள் நிறைந்த மந்திரம் சொல்லத் தொடங்குவான். ஐந்து முடிந்தால், நான் கயிற்றைச் சுண்டாவிட்டாலும் தூக்கிவிடுவான். ஐந்து மந்திர நேரம் அடியில் நிற்கிற ஆள் இந்தக் கரையில் நான் ஒருவன்தான்.
"அத்தான், நாளைக்கு ஒரு நாள் வீட்டுல கிடங்களேன்" என்றான் இன்று.
"ஏலே, கயிறு பிடிக்க வந்தவன் கயித்தைப் பிடி" என்று வாயை அடைத்தேன்.

18 ஜனவரி
எழுதக் கை கூசுகிறது.
எட்டாவது முங்கல். அடியில் சங்கைப் பார்த்துக் கை நீட்டினேன். அப்புறம் ஒன்றும் தெரியாது. கண் விழித்தால் படகில் கிடக்கிறேன். கயிறு அசையாமல் கனத்ததாம், இனிகோ நாலாவது மந்திரத்திலேயே தூக்கிவிட்டானாம்.
நான் என்ன செய்தேன்? "எவம்லே உன்னத் தூக்கச் சொன்னது?" என்று எல்லார் முன்னாலும் அவன் கன்னத்தில் அறைந்தேன்.
அவனோ துண்டை எடுத்து என் மூக்கில் வைத்தான். துண்டெல்லாம் ரத்தம். ஹென்றி வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.
சீ, நானெல்லாம் ஒரு மனுசனா!

19 ஜனவரி
பிலோமிக்குத் தெரிந்துவிட்டது. "என் தாலியப் பிடிச்சிக்கிட்டு நின்னவனையா அடிச்சிய?" அவ்வளவுதான் கேட்டாள். சோற்றை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

22 ஜனவரி
டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். மூன்று வாரம் கடல் கூடாதாம். தண்டால் என்றதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அடிமேல அடி கொடுத்தா உடம்பு எப்பய்யா ஆறும்? இந்த வயசுல ஓய்வும் ஒரு பயிற்சிதான். நடங்க, தூங்குங்க. கடலுக்குப் போற நாள்ல வேற எதுவும் வேண்டாம். ஒரு தடவை முங்கினா, மூச்சு நல்லா ஆறின பிறகுதான் அடுத்தது."
இனிகோ சொன்னதும் இதைத்தானே?

2 பிப்ரவரி
மாப்பிள்ளையூரணி வரை நடை. தெரிந்தவன் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று விடியும் முன் கருக்கலிலேயே கிளம்பினேன். திரும்பும்போது இனிகோ வீட்டு வாசல் வரை போனேன். மூன்றாவது நாளாக. உள்ளே போகக் கால் வரவில்லை.

6 பிப்ரவரி
அடித்துப் போட்ட மாதிரித் தூங்கினேன். தோள் எழும்புகிறது.

11 பிப்ரவரி, ஞாயிறு
எல்லார் முன்னாலும்தானே அடித்தேன்? பூசை முடிந்து கோயில் வாசலில் கூட்டம் நிற்கும்போதே இனிகோவிடம் போய்க் கேட்டேன். "தப்புதான் மாப்ளே. மன்னிச்சிரு. நாளைக்குக் கயிறு பிடிப்பியா?"
அவன் என்னை ஓரமாகக் கூட்டிப் போனான். "பிடிக்கேன். ஆனா நானும் ஒரு தப்புப் பண்ணிட்டேன், அத்தான். ரெண்டு வருசமா மந்திரத்த வேகமாத்தான் சொல்லுதேன். நிறுத்தி நிதானமாச் சொன்னா உங்களுக்கு மூணுதான் வரும். அஞ்சு, அஞ்சுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருந்திய. எனக்குச் சொல்ல மனசு வரல."
அந்தக் கன்னத்தையா அடித்தேன்? அங்கேயே அழுதுவிட்டேன்.

12 பிப்ரவரி
நான்கு முங்கல் மட்டும். ஒவ்வொன்றுக்கும் இடையே படகு ஓரத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன்.
"என்ன மாமா, அஞ்சு மந்திரம் என்னாச்சு?" என்று கேட்டான் ஹென்றி.
"மூணுதாம்லே. ரெண்டு வருசமாவே மூணுதான்." முகம் சுட்டது. ஆனாலும் சொல்லிவிட்டேன்.
இனிகோ கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டான்.
"நிறுத்திச் சொல்லு மாப்ளே" என்றுவிட்டு இறங்கினேன்.