குழாயைத் தட்டும் சத்தம்

பீர்மேடு

அன்புத் தம்பி ஜோபிக்கு,

அக்கா அன்னமேரி ஆண்டவர் பெயரால் வாழ்த்தி எழுதுவது. ஜெர்மனியில் உன் தியான வகுப்புகள் நன்றாக நடக்கின்றன என்று அறிந்தேன். இங்கே நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை.

நீ தியான நிலையமாக்கிய பங்களாவிலிருந்துதான் தேயிலைத் தோட்டத்தில் நம் லயத்து வரிசை வீடுகளுக்கு ஊற்றுத் தண்ணீர் இறங்குகிறது. ஒரே குழாய். மேல் வீட்டில் திறந்திருந்தால் கீழ் வீட்டுக்கு வராது. கீழே இருப்பவள் கல்லால் குழாயைத் தட்டுவாள், மேலே இருப்பவள் அடைப்பாள். அம்மா காலத்திலிருந்து இதுதான் வழக்கம். விடியற்காலையில் அந்தச் சத்தம் தியானத்தைக் கலைக்கிறதாம். உன் மேனேஜர் ரிஞ்சு லயத்துக்குத் தண்ணீர் விடும் வால்வையே பூட்டிவிட்டார். போய்க் கேட்டால், நான் என்ன செய்ய டீச்சர், ஜோபி சார்தான் பூட்டச் சொன்னார் என்கிறார்.

சத்தம் வெறும் சத்தம்தான், அதற்குத் தொல்லை என்று பெயர் வைப்பது மனம் என்று நம் பள்ளியில் பேசினாயே! எதுவும் தனியாக இல்லை, ஒரு கோப்பைத் தேநீரில் மழையும் மண்ணும் கொழுந்து கிள்ளிய விரல்களும் இருக்கின்றன என்றாய். முதலில் கைதட்டியவள் நான். இப்போது கேட்கிறேன், அந்த விரல்களைக் கழுவத் தண்ணீர் எங்கே?

காலில் முள் குத்தினால் கண் ஏன் கலங்குகிறது என்று வகுப்பில் கேட்பேன். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே அது புரிகிறது.

கடைசி வீட்டு சிஞ்சு நிறைமாதக்காரி. ஓடையிலிருந்து குடம் சுமந்து ஏறும்போது சறுக்கி விழுந்தாள். கை முறிந்தது. அன்றே பிள்ளை பிறந்தது, மாதா காத்தாள். ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும், எல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேந்திருக்குன்னு ஒங்க தம்பி சொல்லுவாரே டீச்சர், எங்க குழாய மட்டும் ஏன் பிரிச்சாராம் என்றாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீ போதிக்கும் புத்தர் மேல் எனக்குக் கோபமில்லை. கோபம் உன் மேல்தான். கண் மூடி உட்கார்ந்தவர்களிடம், கீழே ஒருத்தி குடத்தோடு காத்திருக்கிறாள், அதைக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தால் அதைவிட நல்ல பாடம் ஏது?

ஞாயிற்றுக்கிழமை சிஞ்சு பிள்ளையோடு வீட்டுக்கு வருகிறாள். அதற்குள் ரிஞ்சுவுக்கு ஒரு போன் செய்.

நீ பிறந்த அன்று குழாயைத் தட்டியவள் நான். மேல் வீட்டில் யாரோ ஒருத்தி தன் குடம் நிறையுமுன் அடைத்தாள். அந்தத் தண்ணீரில்தான் உன்னைக் குளிப்பாட்டினோம். அவள் யாரென்று இன்றுவரை தெரியாது. அவளையும் உன்னையும் ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக.

உன் அக்கா,
அன்னமேரி