திருப்பித் தொங்கிய துணி

நங்கை,

முதலில் ஒரு மானக்கேடான சங்கதியைச் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் நம் பனியன் கம்பெனி பேக்கிங் பெண்களில் யாராவது உங்கள் படத்துக்கு முன்னால் வந்து நின்று சொல்லிவிடுவார்கள்.

நேற்று செக்கிங் மேசையில் புது ஆர்டரின் மாம்பழ மஞ்சள் டீ-சர்ட்டுகளை அடுக்கியிருந்தார்கள். அயர்ன் டேபிளிலிருந்து அப்போதுதான் இறங்கிய சூடு. ஆவியும் சாயமும் கலந்த அந்த வாசம் மூக்கில் ஏறியதும் எனக்கு என்ன ஆயிற்றோ, ஒன்றை எடுத்து முகத்தில் அப்பிக்கொண்டு நின்றேன். நிமிர்ந்தால், சரக்கைப் பார்த்து ஒப்புதல் சொல்ல வந்த, வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொடுக்கிற பையரின் ஆள் எதிரே நிற்கிறான். இளவட்டம். நான் மூக்குச் சிந்தியதாகவே முடிவு கட்டிவிட்டான். தையல் பிசகு இருக்கிற இடத்தைக் காட்ட ஒட்டுவோமே, சிவப்பு அம்பு ஸ்டிக்கர், அதில் ஒன்றை உரித்து என் மூக்கு பட்ட இடத்தில் ஒட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டான். எத்தனை பேர் சிரித்தார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள்.

அந்த மஞ்சள் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆஸ்பத்திரியில் உங்கள் கட்டிலுக்குப் பின்னால் தொங்கிய அதே மஞ்சள்.

அண்ணன் பெண்டாட்டியை ஊருலகம் அண்ணி என்கிறது. நம் பக்கம் நங்கை. அந்தச் சொல்லில் இருக்கிற மரியாதை நமக்குள் எப்போதாவது இருந்ததா? நான் உங்களைப் பற்றி உங்கள் முதுகுக்குப் பின்னால் பேசினேன். நீங்கள் என்னைப் பற்றி என் முகத்துக்கு நேராகவே பேசினீர்கள். "நம்ம அம்மிணிகிட்ட ஒண்ணச் சொன்னா, அது சேவூர் வரைக்கும் போயிட்டு, நாம ஊடு போய்ச் சேர்றதுக்குள்ள திரும்பி வந்துருமுங்க" என்று கல்யாண வீட்டில் சொந்தபந்தம், ஒறம்பரை எல்லோருக்கும் நடுவே சொன்னீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு வழி? அப்படிப்பட்ட என்னிடம்தான் கடைசியில் ஒரு ரகசியத்தைக் கொடுத்தீர்கள்.

உங்கள் மகன் கவின் இங்கிலாந்தில் மேல்படிப்பு முடித்திருந்த சமயம் அது. படித்து முடித்தவர்கள் இன்னும் இரண்டு வருஷம் அங்கேயே தங்கி வேலை பார்க்க ஒரு விசா உண்டு. அதற்கு அந்த நாட்டுக்குள் இருந்துகொண்டே விண்ணப்பிக்க வேண்டும். படிப்பு முடிந்ததைக் கல்லூரிக்காரர்கள் மேலே தெரிவிக்கத் தாமதமாகி, மாணவர் விசா தீருகிற தறுவாயில்தான் பிள்ளையால் போட முடிந்தது. அன்று அவன் கூப்பிட்டபோது நீங்கள் ஸ்பீக்கரில் போட்டீர்கள். நான் காய் நறுக்குகிற சாக்கில் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"போட்டாச்சுங்மா. ஆனா முடிவு வர்ற வரைக்கும் நான் இந்த நாட்ட உட்டு வெளிய போவக்கூடாதுங்க. போனா, நானே வாபஸ் வாங்குன மாதிரி எடுத்துக்குவாங்க. பழைய விசாவும் முடியுது. அப்பறம் மறுபடி போட வழியில்லீங்."

"அப்ப அங்கயே இரு சாமி. நாங்க எங்க ஓடிப்போறோம்?"

போன் வைத்ததும் அண்ணன் முணுமுணுத்தார். "ரெண்டு வருசம் அங்க என்ன பண்றானாமா? இங்க கட்டிங் டேபிள் பார்க்க ஆளில்ல."

நீங்கள் திரும்பினீர்கள். "பையருக்கு மெயில் போட்டுட்டு, அவன் எப்ப பதில் போடுவான்னு நீங்க ஆயுசு பூரா உக்காந்தது போதுங்க. என்ற பையன் மெயில் போடற பக்கம் இருக்க வேண்டாம். பதில் போடற பக்கம் இருக்கட்டும்."

அண்ணன் எழுந்து கைகழுவப் போய்விட்டார். அவர் இன்னும் சாப்பிடவே இல்லை என்பதை நான் சுட்டிக்காட்டவில்லை. எனக்கும் சில சமயம் புத்தி வேலை செய்யும்.

அடுத்த வாரமே உங்களுக்கு வயிற்று வலி. ஸ்கேன், கோயமுத்தூர், அட்மிஷன் என்று எல்லாம் மளமளவென்று நடந்தது. டாக்டர் எங்களைத் தனியே கூப்பிட்டார். "ஆபரேஷன் பண்ணித்தான் ஆகோணும். ஆனா எப்படிப் போகும்னு உறுதியாச் சொல்ல முடியாதுங்க. பார்க்க வேண்டியவங்க இருந்தா வரச் சொல்லிருங்க." அண்ணன் நேரே வார்டுக்கு வந்து போனை எடுத்தார். நீங்கள் அதைப் பிடுங்கித் தலையணைக்கு அடியில் வைத்து அதன்மேல் படுத்துக்கொண்டீர்கள்.

"அவங்காதுல ஆராச்சும் போட்டீங்கன்னா நான் அந்த ரூமுக்குள்ளயே போவ மாட்டேன். சொல்லீட்டேன்."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் உங்களைப் பார்த்தேன்.

"நீயும்தான் அம்மிணி. உன்ற வாய இந்த ஒரு தடவ தச்சுப் போட்டுரு. ஓவர்லாக்ல தை, பிரியாது."

தைத்துக்கொண்டேன், நங்கை. என் வாழ்நாளில் செய்த ஒரே கடினமான வேலை அதுதான்.

அவன் தினமும் சாயங்காலம் வீடியோவில் வருவான். ஆஸ்பத்திரிச் சுவரைப் பார்த்தால் தெரிந்துவிடும். வீட்டோடு சேர்ந்த கம்பெனி மாடியில் உங்கள் நாற்காலிக்குப் பின்னால் எந்நேரமும் கொடியில் துணி தொங்கும். சாயப்பட்டறையிலிருந்து புதுத் துணி எது வந்தாலும், ஒரு நாள் வெளிச்சத்தில் தொங்கவிட்டுப் பார்த்த பிறகே கட்டிங்குக்கு விடுவீர்கள். கவின் பிறந்ததிலிருந்து பார்த்த காட்சி. அதையே அங்கே உண்டாக்கிவிடலாம் என்ற மகா யோசனை என்னுடையது. அப்போது வந்திருந்த மாம்பழ மஞ்சளில் ஒரு நீளம் வெட்டி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ட்ரிப்ஸ் ஸ்டாண்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் கயிறு கட்டி, கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன். நர்ஸம்மா உள்ளே வந்து திகைத்து நின்றாள்.

"என்னங்கக்கா இது, நாடகமா போடறீங்க?"

"ஆமாங் கண்ணு. டிக்கெட் இல்ல, உக்காந்து பாரு."

நாடகம்தான். உங்களுக்குத் தலை வாரி, பொட்டு வைத்து, கையில் குத்தியிருந்த ஊசியைச் சேலைத் தலைப்பால் மூடி, மூக்கில் இருந்த ஆக்சிஜன் குழாயைக் கழற்றுவோம். கழற்றியதும் உங்கள் உதடு வெளுக்கத் தொடங்கும். நான் போனைப் பிடித்துக்கொண்டு, படத்தில் தெரியாத பக்கம் நின்று உங்கள் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன். நீங்கள் அவனிடம் ரசம் வைக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பீர்கள். ஒருநாள் மானிட்டர் கத்த ஆரம்பித்தது.

"அத்தெ, என்ன சத்தமுங்க?"

"குக்கருடா."

"எங்கூட்டுக் குக்கரா? இப்படிக் கத்தாதுங்களே."

"புதுசு வாங்கியிருக்குது. சைனா மாடல்."

போனை வைத்ததும் நர்ஸம்மா ஓடிவந்து குழாயை மாட்டினாள். கண்ணை மூடியபடி நீங்கள் சொன்னீர்கள்: "சைனா மாடலாமா. பொய் சொல்றதுலயும் ஒரு தரம் வேணும், அம்மிணி."

ஆபரேஷனுக்கு முதலில் குறித்திருந்த தேதிக்கு முந்தின நாள். அன்றைக்கு அழைப்பு வருகிற நேரத்தில் என் கைக்குச் சீப்பு அகப்படவில்லை. வெளியே கடைக்கு ஓடி வாங்கி வந்து, தலையைக்கூடச் சரியாக வாராமல் போனை நீட்டினேன். உங்கள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. சாப்பிட்டாயா, குளிர் எப்படி, விசாச் சேதி ஏதாவது வந்ததா. அவன் உங்களைப் பார்க்கவில்லை. உங்கள் தோளுக்கு மேலே பார்த்தான்.

"அம்மா. துணி உள்பக்கம் தெரியுதுங்க."

போனைப் பிடித்தபடியே திரும்பிப் பார்த்தேன். சிங்கிள் ஜெர்சி என்கிற பின்னல் துணியை அறியாதவர்களுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான். நமக்கு அப்படியா? வெளிப்பக்கம் வரிவரியாக வழவழவென்று இருக்கும், உள்பக்கம் சொரசொரப்பாக, கொஞ்சம் வெளிறி. தொங்கியது உள்பக்கம். "துணிக்கு மூஞ்சி இருக்குது, முதுகக் காட்டித் தொங்கவுடாதீங்க" என்று நீங்கள் எத்தனை கட்டிங் மாஸ்டர்களை ஓட விட்டிருக்கிறீர்கள். நீங்கள் இருக்கும் அறையில் ஒரு துணி முதுகைக் காட்டிக்கொண்டு தொங்குமா?

நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. "உங்கத்தை போட்டது. அவளுக்கு என்ன தெரியும்?" என்றீர்கள்.

"ஏந்திரிச்சு நீங்க திருப்பிப் போடுங்மா. நான் பார்க்கறேன்."

நீங்கள் எழுந்திருக்கவில்லை. எப்படி எழுவீர்கள்? "மூட்டு வலி சாமி" என்றீர்கள்.

"சரிங்மா," என்று வைத்துவிட்டான்.

மறுநாள் உங்கள் இரத்த அழுத்தம் இறங்காததால் ஆபரேஷனைத் தள்ளிப் போட்டார்கள். அதற்கும் மறுநாள் மத்தியானம் வார்டு வாசலில் பையோடு நின்றான். யாரிடமும் சொல்லவில்லை. விமானம் ஏறிய கணத்தில் அவன் விண்ணப்பம் போயிற்று.

"ஏன்டா வந்தே? போச்சே, எல்லாம் போச்சே" என்று திட்டித் தீர்த்தீர்கள். திட்டுகிறவரை அவன் கையை விடவில்லை. திட்டி முடித்த பிறகும் விடவில்லை. என் பக்கம் திரும்பி, "ஒரு துணிய ஒழுங்காத் தொங்கவுடத் தெரியுதா உனக்கு?" என்றீர்கள். அந்த மத்தியானம் முழுக்க அவன் உங்களுக்கு இளநீர் புகட்டினான். நீங்கள் அவன் இளைத்துவிட்டான் என்று நர்ஸம்மாவிடம் குறைப்பட்டுக்கொண்டீர்கள். மறுநாள் காலை உள்ளே போனீர்கள். மயக்கத்திலிருந்து நீங்கள் திரும்பவில்லை.

இப்போது கவின் உங்கள் நாற்காலியில் உட்காருகிறான். பையருக்கு மெயில் போடுகிறான். பதில் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறான். கூடப் படித்தவர்கள் அங்கே வேலையில் சேர்ந்த படங்களைப் போனில் தள்ளிக்கொண்டிருப்பான், நான் வந்தால் கவிழ்த்து வைத்துவிடுவான். ஒறம்பரை என்னை விடுவதாயில்லை. "துணியத் திருப்பிப் போட்டு ஒரு விசாவயே முழுங்கிட்டாங்க எங்கம்மிணி" என்று காங்கேயம் வரை பேச்சு. ஊர்ச்சேதி சுமந்த வாய்க்கு இது சரியான கூலி என்று நானும் தலையாட்டிக்கொள்வேன். ஆனால் மனசுக்குள், நான் சரியாகத்தானே போட்டேன் என்று ஒன்று அரித்துக்கொண்டே இருக்கும். அந்த மஞ்சள் துணி என் பீரோவில், முகம் வெளியே தெரிய மடித்து இருக்கிறது. எந்தத் துணியைக் கண்டாலும் புரட்டிப் பார்க்கிற வியாதியும் தொற்றிவிட்டது. போன மாதம் ஒரு நிச்சயதார்த்தத்தில், பலகாரத் தட்டுகள் மேலே இருக்கும்போதே மேசை விரிப்பைத் திருப்பப் பார்த்து லட்டு உருண்டது.

நேற்று ராத்திரிச் சாப்பாட்டில் அம்பு ஸ்டிக்கர் கதையைச் சொன்னேன். கவின் வெகுநாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தான். "அத்தைக்கும் மாம்பழ மஞ்சளுக்கும் ஆவாதுங்க" என்று சொல்லிவிட்டு, மெயில் பார்க்க மாடிக்குப் போனான். நான் விடவில்லை. அண்ணனிடம், "அன்னைக்கும் நான் வெளிப்பக்கந்தான் போட்டேனுங்" என்றேன்.

அண்ணன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"நீ சரியாத்தான் போட்டே. சீப்பு வாங்க நீ வெளிய போனியே, அப்ப நான்தான் திருப்பிப் போட்டேன். உன்ற நங்கைதான் சொன்னா, அந்தப் பக்கம் போட்டா மூஞ்சிக்கு வெளிச்சமா இருக்கும்னு."