விசா மெடிக்கலில் பாஸான ரத்தம்

மரக்காணம்

அன்புத் தம்பி முனீருக்கு அக்கா ஜெயினம்பு எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

போனில் என் நம்பரை நீ பிளாக் செய்து வைத்திருப்பதால் பேனா பிடிக்க வேண்டியதாயிற்று. எக்கியார்குப்பம் அந்தோணிராஜ் லீவு முடிந்து ஷார்ஜாவுக்குத் திரும்புகிறார். உனக்குப் பிடித்த வஞ்சிரக் கருவாட்டை நன்றாகச் சுற்றி, அதோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். கருவாட்டை எடுத்துக்கொண்டு கடிதத்தைத் தூக்கிப் போடுகிற ஆள் நீ. அதனால் எதிரில் உட்கார்ந்து படிக்க வைத்த பிறகுதான் பொட்டலத்தைக் கொடுக்க வேண்டும் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

இங்கே உன் மச்சான் சௌக்கியம். மழை விடாததால் இந்த வருடம் உப்பு வாருவது தள்ளிப்போய், இப்போதுதான் லாரிகள் வர ஆரம்பித்திருக்கின்றன. நம் டீக்கடையில் நல்ல கூட்டம். எனக்கு மூன்றாவது கீமோ ஊசி முடிந்து முடியெல்லாம் கொட்டிவிட்டது. முக்காடு போடுகிறவளுக்கு அது ஒரு குறையா என்று உன் மாமியார் வந்து ஆறுதல் சொல்லிவிட்டு, பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போனார். அந்த வீட்டு ஆறுதல் எல்லாம் அந்த ரகம்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். புதுச்சேரி ஆஸ்பத்திரியில் டாக்டர் செந்தமிழ் சொன்னதைப் போனில் சொன்னபோது நீ காதில் வாங்கவில்லை. இப்போது கண்ணால் படி. நம் உடம்பில் ஒரு ஜீன் இருக்கிறது. டிபி 53 என்று பெயர், பஸ் நம்பர் மாதிரி. அதிலிருந்து உண்டாகிற புரதம்தான், செல்லுக்குள் எந்தெந்த ஜீன் எப்போது வேலை செய்ய வேண்டும் என்று பார்த்துக்கொள்கிறது. ஒரு செல் கெட்டுப்போனால் அதைப் பெருகவிடாமல் நிறுத்துகிறது. சரிசெய்ய முடியாது என்றால் அதைச் சாகும்படி செய்கிறது. உப்பளத்தில் ஒரு பாத்தியில் தண்ணீர் கெட்டுவிட்டால், பக்கத்துப் பாத்திக்குப் போவதற்குள் வரப்பை வெட்டி வடித்துவிடச் சொல்வாரே மேஸ்திரி, அந்த வேலை. நம் குடும்பத்தில் அந்த ஜீன் பிறவியிலேயே பழுதாகி வருகிறது. நம்மைப் பெற்ற அத்தா நாற்பது தாண்டியதும் மூளைக் கட்டியில் மௌத்தானது, நம் தங்கை பள்ளிக்கூடம் போகிற வயதில் போனது, எனக்கு மார்பில் புற்று வந்து இப்போது மறுபடியும் வந்திருப்பது எல்லாம் அதனால்தான். என் ரத்தத்தைப் பார்த்து உறுதியாகச் சொல்லிவிட்டார்கள். உனக்கும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பாதிக்குப் பாதி. உனக்கு இருந்தால் உன் பிள்ளைக்கும் அதே பாதிக்குப் பாதி.

அதற்கு நீ என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "அக்கா, போன மாசம்தான் விசா மெடிக்கல் முடிஞ்சுது, ஃபிட்டுன்னு போட்டுட்டாங்க. என் ரத்தத்துல ஒண்ணும் கிடையாது, சும்மா பயமுறுத்தாத" என்றாய். அதோடு விட்டாயா? அந்தக் காகிதத்தைப் படம் பிடித்து டாக்டருக்கே அனுப்பினாய். அவர் அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இது எதுக்கும்மா அனுப்பியிருக்காரு?" என்று என்னைக் கேட்டார். என் மானம் போயிற்று. காசநோய் இருக்கிறதா, காமாலை இருக்கிறதா, வேலைக்கு லாயக்கா என்று கம்பெனிக்காரனுக்காகப் பார்க்கிற பரிசோதனை அது. அதில் ஒரு முத்திரை விழுந்ததும் பரம்பரைக்கே ரத்தம் சுத்தம் என்று நினைத்த அறிவாளி ஷார்ஜாவில் நீ ஒருத்தன்தான் இருப்பாய். விசாவுக்கென்றால் முகம் தெரியாதவனிடம் சட்டையை மடித்துக்கொண்டு கையை நீட்டுகிறாய். கூடப் பிறந்தவள் கேட்டால் மட்டும் உனக்கு ஊசி வலிக்கிறது. லீவில் வந்தபோதும், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாளில் ஆரோவில் பக்கம் ஃப்ரெண்டைப் பார்க்கக் கிளம்பிவிட்டாய். அந்த ஃப்ரெண்டின் பெயரை இன்றுவரை உன்னால் சொல்ல முடியவில்லை.

என் கதை இருக்கட்டும். உன் மகள் அர்ஷியாவுக்கு முழங்காலுக்கு மேலே வலியும் வீக்கமும் இருப்பது உனக்குத் தெரியும். கோ-கோ ஆடியதால் வந்த சுளுக்கு என்று நீயும் உன் மனைவி தில்ஷாத்தும் முடிவு செய்துவிட்டீர்கள். நான்தான் திண்டிவனம் கூட்டிப்போய் எக்ஸ்ரே எடுத்தேன். எலும்பில் நிழல் தெரிகிறது. செந்தமிழ் அதைப் பார்த்ததும், உடனே கூட்டி வாருங்கள், சின்னத் துண்டு எடுத்துப் பரிசோதிக்க வேண்டும், ஜீனுக்கும் ரத்தம் பார்த்துவிட்டுத்தான் எந்த வைத்தியம் என்று முடிவு செய்ய முடியும் என்றார். தில்ஷாத்தைக் கேட்டால் அழுகிறாள். "அவரு வேணாம்னு சொல்லிட்டாரு அண்ணி. வெளிய தெரிஞ்சா நாளைக்கு யாரு பொண்ணு கேட்டு வருவாங்கன்னு கேக்குறாரு" என்கிறாள்.

பெண் கேட்டு வருவார்களாம்! பிள்ளை உயிரோடு இருந்தால்தானடா கேட்டு வருவார்கள்? வைத்தியத்துக்குப் பதிலாகக் கருஞ்சீரக எண்ணெயை அனுப்பி, ஓதிப் பார்க்கச் சொன்னாய். பள்ளிவாசல் ஹஜ்ரத் அவள் காலைப் பார்த்ததும், "முதல்ல டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்கம்மா, துஆ நான் பண்றேன்" என்று அனுப்பிவிட்டார். உன் பக்கம் அவரும் இல்லை.

உனக்குக் கல்யாணக் கவலை எதுவும் இல்லை, முனீர். அர்ஷியாவுக்கு அந்தப் பழுது இருந்தால் உன்னிடமிருந்துதான் வந்தது என்று ஆகிவிடும். அதைக் கேட்கத்தான் உனக்குப் பயம். அத்தாவிடமிருந்து எனக்கு வந்தது. அதற்காக அவரை நான் ஒரு நாளும் திட்டியதில்லை. உன்னைத் திட்டுவது நீ ஒளிந்துகொண்டதற்காக.

நேற்று அர்ஷியா காலை இழுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். போனில் எல்லாவற்றையும் தேடிப் படித்திருக்கிறாள். "உங்களுக்கு வந்ததுதானே மாமி எனக்கும்?" என்று கேட்டாள். தெரியாதும்மா, பார்த்தால்தான் தெரியும் என்றேன். "அத்தாகிட்ட சொல்லிடாதீங்க மாமி, பயந்துடுவாங்க" என்றாள். வீடியோ காலில் நீ அவள் காலைப் பார்த்துவிடக் கூடாது என்று கட்டிலில் காலின் மேல் தலையணையை வைத்துக்கொண்டு பேசுகிறாளாம். பதினைந்து வயதுப் பிள்ளை, நோவைத் தாங்கிக்கொண்டு உன்னையும் சேர்த்துத் தாங்குகிறாள். எனக்கு அதற்கு மேல் அங்கே உட்கார முடியவில்லை, எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

சொல்ல மாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன். இன்று அதை மீறி எழுதுகிறேன். டாக்டர் அடுத்த வாரம் தேதி கொடுத்திருக்கிறார். கையெழுத்துப் போட தில்ஷாத் போதும். ஆனால் உன் வார்த்தை இல்லாமல் அவள் பேனாவைத் தொட மாட்டாள். எனக்குப் போன் செய்ய வேண்டாம், அவளுக்குச் செய். கூட்டிக்கொண்டு போ என்று மட்டும் சொல். சொல்லிவிட்டு டிக்கெட் போடு. இந்தத் தடவை அர்ஷியாவின் கையை நான் பிடித்துக்கொள்வேன். அடுத்தடுத்த தடவைகளுக்கு நான் இருப்பேனா என்று டாக்டர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

உனக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கச் சொல்லி ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன். திட்டிக்கொண்டேதான் கேட்கிறேன். வந்து சேர், தம்பி.

உன் அக்கா
ஜெயினம்பு