ஏழு சாவடிகளில் அறுக்கப்பட்ட ஒளியிழை குறித்து

மழை பொய்யாதிருக்க, குடிகள் குறையாதிருக்க. முகிலாற்று நாடுடைய கோப்பெருந்தேவி இளங்கொற்றியாரின் திருவாணைப்படி ஓலைநாயகம் கண்டன் மாடலன் எழுதுவது. எட்டுத் தலைமுறையாக ஏழு கணவாய்களின் சுங்கம் காத்துவரும் குடியில் தோன்றிய ஆதன் பெருங்கிள்ளியார் கண்டு தெளிக. தங்கள் மலையும் மனையும் நலமுறுக.

தாங்கள் சென்ற மாதம் விடுத்த ஓலை அவையில் இருமுறை படிக்கப்பட்டது. மேலேரி மதகு திறந்த நாளில் மணற்றுறைக்கு எச்சரிக்கை சேரவில்லை என்றும், ஓடக்காரி பூவாத்தாள் வெள்ளத்தோடு போனாள் என்றும், அவள் மடியிலிருந்த பேசுகருவி கடைசிவரை வெறுமனே இரைந்துகொண்டிருந்தது என்றும், ஆகவே இழைத்தலைவி சேந்தன் உமையாளை நாடு கடத்த வேண்டும் என்றும் அதில் கண்டிருந்தது. தேவியார் அன்று உணவு கொள்ளவில்லை.

உமையாளார் வாதாடவில்லை, காரணம் கண்டறியப் பன்னிரண்டு நாள் தவணை மட்டும் கேட்டார். அவர் அமைத்த ஏற்பாடு எளியது. தலைநகர் நிலையத்தில் எழும் வானலையை அப்படியே ஒளியின்மேல் ஏற்றி, மயிரினும் மெல்லிய கண்ணாடி இழைவழியே ஏழு கணவாய்களையும் கடந்து மலைக்கு அப்பாலுள்ள மணற்றுறைக்கு அனுப்புவது. அங்குள்ள கோபுரம் அதை இறக்கி, பெருக்கி, ஆகாயத்தில் விடுவது. கோபுரத்துக்கென்று தனி அறிவு கிடையாது. வருவது செய்தியானால் செய்தியைப் பெருக்கும். இரைச்சலானால் இரைச்சலையே பெருக்கும். நம்மில் சிலரும் அப்படித்தான் என்று எழுத என் கை துடிக்கிறது, ஓலையில் இடமில்லை.

எல்லோரும் கோபுரத்தைக் குறை சொல்ல, உமையாளார் ஒளிமானியைக் கையில் ஏந்தி, இழை செல்லும் வழியைக் கால்நடையாகவே தொடர்ந்தார். முதல் சுங்கச் சாவடியைத் தாண்டியதும் ஒளி குறைந்தது. இரண்டாவதில் இன்னும் குறைந்தது. ஏழாவதைக் கடந்தபோது, வானலை இருந்த இடத்தில் இரைச்சலே மிஞ்சியிருந்தது. மண்ணைத் தோண்டிப் பார்க்க, சாவடிக்கு ஒன்றாக இழை ஏழு இடங்களில் அறுக்கப்பட்டு, புழுதி படிந்த முனைகளோடு மீண்டும் பொருத்தப்பட்டிருந்தது.

காவலர்கள் எதையும் ஒளிக்கவில்லை. திறந்து பாராமல் எப்பொருளும் கணவாயைக் கடக்கலாகாது என்பது முன்னோர் வகுத்த முறை என்றும், அதன்படியே தாங்கள் கட்டளையிட்டீர்கள் என்றும், நாள்தோறும் காலையில் இழையைப் பிரித்து உள்ளே நோக்கி, ஒன்றும் இல்லை எனக் கண்டு மறுபடி பொருத்தி வந்ததாகவும் பணிவுடன் சொன்னார்கள். அந்த ஒளி மனிதக் கண்ணுக்குப் புலப்படாத வகை. நாள்தோறும் செய்தியை நிறுத்திப் பார்த்து, செய்தியே இல்லை என்று முடிவுகட்டியிருக்கிறார்கள்.

இதற்குத் தண்டனை யாது என்று தேவியார் உமையாளாரையே வினவினார்.  பெருங்கிள்ளியார் செய்தது மரபென்றும், தான் செய்தது செருக்கென்றும் அவர் சொன்னார். இழை பதித்த நாளில் அது எதைச் சுமக்கிறது என ஏழு சாவடிகளில் ஒருவரிடமும் அவர் சொல்லவில்லையாம். சொன்னால் விளங்காது என்று தானே தீர்மானித்துக்கொண்டாராம். பூவாத்தாளின் சாவில் பாதி தன்னுடையது என்றும் சொன்னார். 

ஆகவே ஆணையாவது: ஏழு வெட்டுகளும் உருக்கி ஒட்டப்பட்டுவிட்டன, இனி அவ்விழையை எவரும் அறுக்கலாகாது. வரும் மழைக்காலம் முழுவதும் தாங்கள் மனைவி மக்களோடு மணற்றுறை ஆற்றங்கரையில் குடியிருப்பீர்களாக. அடுத்த வீட்டில் உமையாளார் இருப்பார். மதகு திறக்கும் செய்தி தங்களுக்கென்று தனியே ஆள்வழி வாராது. மற்றக் குடிகளுக்கு வரும் வழியிலேயே வரும்.

இவ்வோலைக்கு மறுமொழி வேண்டா. புறப்பாடே மறுமொழியாகக் கொள்ளப்படும். தேவியார் முன்னிலையில் மேக முத்திரை இட்டோம். ஆற்றங்கரையில் குளிர் மிகுதி. குழந்தைகளுக்குக் கம்பளி எடுத்துச் செல்க என்றும் தேவியார் எழுதச் சொன்னார்.