கட்டின் மேல் இட்ட திருமண்

பட்டணத்திலிருந்து நேற்று மாலைதான் திரும்பினேன். கொடியில் போட்ட மேல்வேஷ்டியில் இன்னும் ஆஸ்பத்திரி மருந்து நாறுகிறது. “அதைக் கிணத்தடியில கொண்டு போடுங்கோ, ஆத்துக்குள்ள முழுக்க நாறறது” என்று என் மனைவி இரண்டு முறை சொல்லிவிட்டாள். நான் எடுக்கவில்லை. அந்த நாற்றம் மூக்கில் ஏறினால் உம்முடைய நினைவு வருகிறது, நினைவு வந்தால் கோபமும் வருகிறது. நீர் போய்ச் சேர்ந்து ஏழு மாதமாயிற்று. செத்துப்போன சிநேகிதன் மேல் இத்தனை கோபம் தகாது என்று எனக்குத் தெரியும். ஆனால் நீர் செய்த காரியங்கள் அப்படி, ஓய்.

முதலில் பார்த்தவர் நீர்தான். வேகவதி ஆற்றில் தண்ணீர் ஓடிய ஒரு காலை, நான் முழுகி எழுந்ததும் என் முகத்தைப் பார்த்துக் கத்தினீர்.

“ஓய், மூணு முழுக்குப் போட்டும் உம்ம ஸ்ரீசூர்ணம் அழியலையே!”

அது நாமத்தின் நடுவில் இழுக்கிற ஸ்ரீசூர்ணம் இல்லை, ரத்தம். புருவத்துக்குச் சற்று மேலே, சிவப்புக் கோடு தொடங்கும் இடத்தில், ஒரு வருஷமாகவே மிளகளவு புண் இருந்தது. காய்வதுபோல் காயும், மறுபடி கசியும். ஸ்ரீசூர்ணத்தில் சேர்க்கிற சுண்ணாம்பு கடித்துவிட்டது என்று நான் நினைத்திருந்தேன். சுண்ணாம்பு சேராத மஞ்சளுக்கு மாறினால், தென்கலையான் வடகலைக்குப் போய்விட்டான் என்று சின்ன காஞ்சிபுரமே சிரிக்கும். ஆகவே தினமும் புண்ணின் மேலேயே சிவப்பை இழுத்து மூடிக்கொண்டிருந்தேன். முட்டாள்தனம்தான். அதை என்னிடம் ஒரு முறை சொன்னால் போதாதா? பூக்கடையில் சொன்னீர். மடைப்பள்ளி வாசலில் சொன்னீர். தெருவில் பாவு போட்டுக்கொண்டிருந்த நெசவுக்காரர்களை நிறுத்தி வைத்துச் சொன்னீர். மறுநாள் முதல் ஆள்மாற்றி ஆள் எங்கள் வீட்டுக்கு வந்து, என் மனைவியிடம் துக்கம் விசாரிக்கிற குரலில் பேசிவிட்டுப் போனார்கள்.

என்னைக் கேட்காமலே பட்டணத்து டாக்டருக்குக் கடிதம் எழுதி நாள் வாங்கினவரும் நீர்தான். டாக்டர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

“இது தோல்ல வர்ற புத்துநோய். மெதுவாத்தான் பரவும். விட்டா கண்ணைத் தின்னுட்டு எலும்புக்குப் போயிடும். இப்பவே வெட்டி எடுத்தா பிழைச்சுக்கலாம்.”

வெளியே வந்து, ஊருக்கே போய்விடலாமா என்று உம்மைக் கேட்டேன். ஒரு ஆறுதல் வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தேன்.

“போமே. கண்ணு போனப்புறம் பெருமாளைத் தடவிப் பார்த்துக்கலாம்” என்றீர்.

நெற்றியில்தான் வெட்டினார்கள், ஆனால் வலித்ததெல்லாம் தொடையில். நெற்றிப் பள்ளத்தை மூடுவதற்குத் தொடையிலிருந்து மெல்லிய தோல் சீவி எடுத்திருந்தார்கள். குளோரோபாரம் மயக்கம் தெளிந்து நான் வாந்தி எடுத்துக்கொண்டிருக்க, நீர் கட்டுக் கட்டுகிறவனிடம் தண்ணீர் கொதித்ததா, துணி வெந்ததா என்று வழக்காடிக்கொண்டிருந்தீர். பக்கத்துக் கட்டிலில் ஐயம்பேட்டை நெசவுக்காரர் ஒருவர், முதுகில் கட்டியோடு குப்புறக் கிடந்தார்.

“இன்னா சாமி, உங்க கூட்டாளி காத்தால பிடிச்சு கூவிக்கினே இருக்கிறாரே. இவருக்கு வூடு வாசல் இல்லியா?” என்றார். எனக்கும் அதே சந்தேகம்தான்.

மூன்று மாதம் நெற்றியில் எதுவும் படக் கூடாது, தண்ணீர்கூட ஆகாது என்று சொல்லி டாக்டர் அனுப்பினார். ஆறாவது வாரம் வைகாசித் திருவிழா வந்துவிட்டது. பெருமாளுக்கு முன்னால் பிரபந்தம் ஓதிச் சேவித்துப் போகிற கோஷ்டியில் முப்பது வருஷமாக நாம் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்றவர்கள். வெறும் நெற்றியோடு அதில் நிற்க முடியாது. கருட சேவையன்று விடியும்போது நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன். நீர் திருமண் பெட்டியோடு வந்து உட்கார்ந்தீர்.

“தோல்ல இடக் கூடாதுன்னுதானே டாக்டர் சொன்னார்? துணியில இடக் கூடாதுன்னு சொன்னாரா?”

“வேண்டாம் ஓய்.”

“சும்மா இரும், ஆடாதேயும். கோணிப் போயிடும்.”

கட்டின் மேல் குழைத்த திருமண்ணை இட்டு, நடுவில் சிவப்பும் இழுத்தீர். கண்ணாடியைக் காட்டினீர். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கும் ஆசை இருந்தது. என் மனைவி வேண்டாம் வேண்டாம் என்றுதான் சொன்னாள். இரண்டு பேரும் கேட்கவில்லை. வெயிலில், கூட்டத்தில், வேர்க்க வேர்க்கத் தொண்டை கட்டும்வரை சேவித்தோம். அன்றைக்கு நான் சந்தோஷமாக இருந்தேன்.

நாலாம் நாள் ஜுரம் வந்தது. ஈரத் திருமண்ணும் வேர்வையும் துணிக்குள் இறங்கிச் சீழ் பிடித்துவிட்டது. மறுபடி ரயில், மறுபடி அதே டாக்டர். கட்டைப் பிரித்தபோது ஒட்டியிருந்த தோலும் துணியோடு வந்துவிட்டது. துணியில் சிவப்பையும் வெள்ளையையும் பார்த்து அவர் முகம் மாறியது.

“யார் பண்ணின வேலை இது?”

நீர் அலமாரியிலிருந்த மருந்துப் புட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தீர். ஊரெல்லாம் கேட்கப் பேசுகிற வாய் அன்றைக்குத் திறக்கவில்லை. நான்தான் சொன்னேன், “நானே இட்டுக்கொண்டேன்” என்று.

“நாளைக்குக் காலையில மறுபடி அறுக்கணும். இந்தத் தடவையும் ஒட்டலைன்னா தழும்பு இமையை மேலே இழுத்துடும். கண்ணை மூடவே முடியாது” என்றார்.

அன்று சாயங்காலம் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நீர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் என்ன? “காத்து வாங்கிட்டு வரேன்” என்று கிளம்பிவிட்டீர். விளக்கேற்றிய பிறகு வந்தீர். கால் முழுக்கப் புழுதி.

“சமுத்திரம் நன்னா இருந்தது” என்றீர்.

உம் முகத்தில் விழிக்கக் கூடாது என்று போர்த்திக்கொண்டு படுத்தேன்.

இரண்டாவது தோல் ஒட்டிக்கொண்டது, கண்ணும் பிழைத்தது. ஆனால் என் கோபம் ஆறவில்லை. ‘தப்புப் பண்ணிவிட்டேன்’ என்று ஒரு வார்த்தை சொல்வீர் என்று நாலு வருஷம் காத்திருந்தேன். நீரோ காலையில் நான் காபி குடிக்குமுன் வந்து, என் முகவாயைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பி, நெற்றியைச் சோதித்துவிட்டுப் போவீர். வருஷா வருஷம் டாக்டரிடம் காட்டக் கூடவே வந்தீர். ஒரு நாள் பொறுக்காமல், “கட்டு மேல திருமண் இட்ட மகான் நீர்தானே” என்று குத்திக் காட்டினேன். கோஷ்டியில் யாரோ சுருதி விட்டுப் பாடியதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டீர். கடைசியில் மூன்றே நாள் ஜுரத்தில் படுத்தபோதும் உம் தலைமாட்டில் அந்த ஒரு வார்த்தைக்காகவே உட்கார்ந்திருந்தேன் என்றால் நம்புவீரா? “நெத்தியைக் காட்டும்” என்றீர். குனிந்து காட்டினேன். “பரவாயில்லை” என்றீர். அவ்வளவுதான்.

நேற்று தனியாகப் போனேன். டாக்டர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “அஞ்சு வருஷம் ஆச்சு. இனிமே நீங்க வர வேண்டாம்” என்றார். பிறகு, “எங்கே உங்க சண்டைக்காரர்?” என்றார். சொன்னேன். நாற்காலியை இழுத்து என் எதிரே உட்கார்ந்தார்.

“இனிமே சொன்னா பரவாயில்லை. ரெண்டாவது ஆபரேஷனுக்கு முந்தின சாயந்தரம் என் வீட்டுக்கு வந்தாரு. வழி தெரியாம எங்கெங்கேயோ நடந்திருக்காரு. ‘கட்டு மேல இட்டது நான். அவர் எனக்காகப் பொய் சொல்றார்’னாரு. அப்புறம் வேட்டியைத் தூக்கித் தொடையைக் காட்டி, ‘இதிலேருந்து தோலை எடுத்துக்கோங்கோ, அவரை இன்னொரு இடத்துல அறுக்காதேங்கோ’ன்னாரு. ஒருத்தர் தோல் இன்னொருத்தருக்கு ஒட்டாதுன்னேன். நம்பலை. ‘என் தோலுக்கு என்ன குறைச்சல்’னு என்கிட்டயே சண்டைக்கு வந்துட்டாரு. போகும்போது, உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டுப் போனாரு.”

டாக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. செங்கல்பட்டில் ரயில் மாற இறங்கினவன் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன், ஓய். அறுபது வயதுக் கிழவன், அத்தனை பேர் பார்க்க.

இத்தனை வருஷமாக உம்மிடமிருந்து ஒரு மன்னிப்பு வர வேண்டும் என்று சுமந்துகொண்டு திரிந்தேன். இப்போது கேட்க வேண்டியவன் நானாகிவிட்டேன், அதைக் காதில் வாங்கிக்கொள்ள நீர் இல்லை. இதையும் நீர்தான் இப்படிச் செய்துவிட்டுப் போயிருக்கிறீர்.