டாக்டரிடம் இல்லை என்று சொல்வது

தம்பி,

பீடோங் சந்தையில் கோழியும் கறிவேப்பிலையும் வாங்கிக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் பாலில்லாத ஒரு தே ஓ குடிக்கலாம் என்று ஒட்டுக்கடையில் உட்கார்ந்தேன். பின் மேசையிலிருந்து நீங்கள் பேசினீர்கள். "வணக்கம்ங்க. நேத்து நான் மருந்து போட மறந்துட்டேன். இன்னிக்கு நீங்க போட்டாச்சா?" அதே குரல், அதே லேசான தொண்டைக் கரகரப்பு. தே ஓ சேலையில் கொட்டிவிட்டது. உங்களை வழியனுப்பி ஒரு வருஷம் ஆகப்போகிறது.

திரும்பிப் பார்த்தால் முனியாண்டி அண்ணன். புக்கிட் செலம்பாவ் பக்கத்துத் தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர், அடைத்த இதயக் குழாயில் நீங்களே ஸ்டெண்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பிய ஆள். போனை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு, திரையில் இருந்த பச்சைப் பொத்தானை அமுக்கினார். பச்சை என்றால் போட்டாச்சு, சிவப்பு என்றால் இல்லை. நீங்கள் தோட்டத்து நோயாளிகளுக்காகச் செய்த செயலியில் இருப்பதே அந்த இரண்டு பொத்தான்தான்.

"மருந்து போட்டாச்சாண்ணே?" என்று கேட்டேன், பழைய நர்ஸ் புத்தி.

"இன்னும் இல்ல மிஸி. வீட்டுக்குப் போயித்தான்."

"அப்புறம் எதுக்குப் பச்சை?"

"என்னா மிஸி இப்படிக் கேக்குறீங்க. செத்துப்போன மகராசன் கேக்குறாரு. அவருகிட்டப் போயி இல்லன்னா சொல்றது? பாவம்லா."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நீங்கள் போனதிலிருந்து எங்கள் கணினியில் ஒரே பச்சை. செயலியைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர் பிள்ளைகள் கைதட்டாத குறை. டாக்டர் போன பிறகும் சனங்கள் ஒழுங்காக இருக்கிறார்கள் என்று நானும் உள்ளுக்குள் பூரித்துப்போயிருந்தேன். அட கடவுளே, இந்தப் பச்சையிலே எது மருந்து, எது மரியாதை? அண்ணனைப் போல எத்தனை பேர் மாத்திரை இல்லாமல் லோரி ஓட்டிக்கொண்டு திரிகிறார்கள்? சாமான் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். வேறு யாரிடம் போய்ச் சொல்ல?

முதல்முதலில் நீங்கள் என் வீட்டு வாசலில் வந்து நின்ற நாள் ஞாபகம் இருக்கிறதா? தலைநகரில் இதய அடைப்பெடுக்கும் பெரிய டாக்டர், வெளிநாட்டு மாநாடுகளில் கட்டுரை வாசிக்கிற ஆள், காலில் போட்டிருந்த கறுப்புச் சப்பாத்து முழுக்கச் சேறு. நான் அரசாங்க நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிம்மதியாக இருந்தேன். "இந்தப் பக்கம் ஜித்ராவுல பொறந்தவன்தான்க்கா நான். நம்ம ஊரு ஆளுங்க என்கிட்ட வரும்போது பாதி இதயம் போயிடுது. வந்தப்புறம் செய்யுறதுல எனக்கு அலுத்துப்போச்சு. வராம இருக்கச் செய்யணும்" என்றீர்கள். பெரிய ஆஸ்பத்திரியை விட்டுவிட்டு, பிரஷர் பார்க்கும் கருவியையும் போனையும் ஒன்றாக இணைக்கும் ஆராய்ச்சியைக் கையில் எடுத்திருந்தீர்கள். எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. "இந்த விளையாட்டெல்லாம் எங்க தோட்டத்து ஆளுங்ககிட்ட வேகாது டாக்டர்" என்று முகத்துக்கு நேராகவே சொன்னேன். நீங்கள் கோபித்துக்கொள்ளவில்லை. "இப்படிச் சொல்ற ஆளைத்தான் தேடிக்கிட்டு இருக்கேன்" என்று சிரித்தீர்கள். மறுநாளே உங்கள் காரில் ஏறிவிட்டேன். நோயாளிகள் முன்னால் நீங்கள் டாக்டர். கார் கதவைச் சாத்தியதும் தம்பி.

அப்போது செயலியில் நீங்கள் பதிந்திருந்த பேச்சு வேறு. "வணக்கம்ங்க. மருந்து சாப்பிட்டுட்டீங்களா?" அவ்வளவுதான். மேடைப் பேச்சு போல அத்தனை பணிவு. முனியாண்டி அண்ணன் வீட்டில், உங்கள் குரல் கேட்டாலே அவர் பெண்டாட்டி அஞ்சலை முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்து நிற்பாள். "போட்டாச்சுங்க டாக்டர்" என்று போனைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் அண்ணன் பொத்தானை அமுக்குவார். எல்லாமே பச்சை. கூட்டங்களில் உங்களைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள்.

ஆனால் தோட்டத்துக் கோயில் திருவிழா நெருங்க நெருங்க, பச்சை அமுக்கியவர்களுக்கே பிரஷர் ஏறிக்கொண்டு போனது. கருவி கெட்டுவிட்டது என்று புதுசு மாற்றினீர்கள். அதுவும் அதையேதான் சொன்னது. "வாங்கக்கா, நேராப் போய்ப் பார்ப்போம்" என்று கிளம்பினோம். அண்ணன் வீட்டுக்குள் நுழைந்தால் அவர் கையில் மஞ்சள் காப்பு. தீமிதிக்காக விரதம்.

"மாத்திரை டப்பா எங்கண்ணே?" என்றீர்கள்.

அவர் தலையைச் சொறிந்தார். "காப்புக் கட்டிட்டா மருந்து மாயமெல்லாம் உடம்புல சேரக்கூடாதுங்க டாக்டர். தோட்டத்துல எல்லாருக்கும் அப்படித்தான். தீ மிதிச்சப்புறம் மறுபடி ஆரம்பிச்சுக்குவோம்."

"அப்ப பச்சையை ஏன் அமுக்குனீங்க?"

"நீங்க அவ்ளோ மரியாதையாக் கேக்குறீங்க. உங்க மூஞ்சிக்கு நேரா இல்லன்னு சொல்ல முடியுமா? நல்லாவா இருக்கும்?"

நான் அவரைப் பிடித்து வாங்கு வாங்கு என்று வாங்கியிருப்பேன். ஸ்டெண்ட் வைத்த ஆள், ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரையை நிறுத்தினால் திறந்த குழாய் மறுபடி அடைத்துக்கொள்ளும் என்று எத்தனை தடவை சொல்லியிருப்போம்! நீங்களோ தரையில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தீர்கள். பிறகு கோயிலுக்கு நடந்துபோய்ப் பூசாரியிடம் பேசினீர்கள். அவரும் சக்கரை வியாதிக்காரர், அவரும் மருந்தை நிறுத்தியிருந்தார்! "ஆத்தா கவுச்சிதான வேணாம்னு சொன்னா? மருந்து வேணாங்கிறதை நாமளே சேத்துக்கிட்டோம்" என்றார். அன்று சாயங்காலமே ஒலிபெருக்கியில் சொன்னார், விரதத்தில் இருக்கிறவர்கள் தீர்த்தத்தோடு மாத்திரையும் போடலாம் என்று. அண்ணன் எங்கள் கண் முன்னாலேயே போட்டார்.

காரில் வரும்போது நீங்கள் சிரிக்கவில்லை. இத்தனை நாள் காட்டிய நல்ல கணக்கெல்லாம் நம்பக்கூடியதல்ல என்று மேலிடத்துக்கு எழுதிவிட்டீர்கள். ஆராய்ச்சியையே நிறுத்திவிடுவார்கள் போலிருந்தது. "ஏன் தம்பி, வாயை மூடிக்கிட்டு இருந்தா யாருக்குத் தெரியப்போவுது?" என்று நான்கூடக் கேட்டேன். "இல்லைன்னு சொல்றவரு இன்னும் நம்மகிட்ட பேசிக்கிட்டு இருக்காருக்கா. அவரைக் காப்பாத்தலாம். ஆமான்னு சொல்லிட்டுப் போறவரைத்தான் எனக்குப் பயம்" என்றீர்கள். அப்புறம்தான் அந்தப் புதுப் பேச்சைப் பதிந்தீர்கள். நேத்து நான் மறந்துட்டேன். அது பொய்யும் இல்லை. நீங்களும் பிரஷர் மாத்திரை போடுகிற ஆள், மறக்கிற ஆள், உங்கள் மனைவியிடம் திட்டு வாங்குகிற ஆள்தானே. டாக்டரே மறக்கிறார் என்றதும் சனங்களுக்கு வாய் வந்தது. சிவப்பு வர ஆரம்பித்தது. சிவப்பு வந்த வீட்டுக்கெல்லாம் நாம் போனோம். மாரடைப்போடு ஓடிவருகிறவர்கள் குறைந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

புற்றுநோய் வந்து படுத்தபோதும் நீங்கள் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். "சிவப்பு வருதாக்கா?" வருது தம்பி, வருது என்றேன். அப்போது வந்துகொண்டுதான் இருந்தது.

பிரஷர் கருவிகளும் ஆராய்ச்சியோடு திரும்பிப் போய்விட்டன, பொத்தானை விட்டால் வேறு சாட்சி இல்லை. இப்போது அந்தக் குரலையே சாமியாக்கிவிட்டார்கள். சாமியிடம் யாராவது நான் மறந்துவிட்டேன் என்று சொல்வார்களா? உங்கள் குரலை எடுத்துவிட வேண்டும். தினமும் காலையில் என் போனிலும் நீங்கள்தான் பேசுகிறீர்கள்.

*

மேலே எழுதியதை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோய்விட்டேன். சில நாள் கழித்துத் தொடர்கிறேன்.

முதலில் உங்கள் மனைவியிடம் கேட்டேன். தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். அந்தப் பிள்ளை, "எனக்கு வேணுங்கிற குரல் என் போன்ல இருக்குக்கா. அங்க மருந்துதான் முக்கியம். எடுத்துடுங்க" என்றாள். போனை வைத்துவிட்டு நன்றாக அழுதேன். உங்களை இரண்டாம் முறை வழியனுப்புகிற மாதிரி இருந்தது.

புதுக் குரல் யாருடையது என்று பேச்சு வந்தபோது, பொறியாளர் பெண் என் பக்கம் திரும்பிவிட்டாள். "ஆன்ட்டி, கொஞ்சம் அன்பாப் பேசுங்க" என்று மைக்கை நீட்டினாள். "இதுதாம்மா என் அன்பு" என்று சொல்லிவிட்டு ஆரம்பித்தேன். "நான்தான் மிஸி பேசுறேன். மருந்து போட்டாச்சா, இல்லையா? இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க. திட்ட மாட்டேன். திட்டினாலும் கொஞ்சம்தான் திட்டுவேன்." அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் மறுபடி பதிய வேண்டியதாயிற்று.

முதல் நாள் எல்லாம் பச்சை. அடுத்த நாள் பூசாரியிடமிருந்து ஒரு சிவப்பு. மனுஷன் மலாக்கா போன இடத்தில் மாத்திரையை மறந்திருக்கிறார். அதற்கடுத்த நாள் இங்கே ஒன்று, அங்கே ஒன்று. இன்று காலை முனியாண்டி அண்ணன் சிவப்பு அமுக்கியிருந்தார். உடனே போன் போட்டேன்.

"மாத்திரை தீந்துபோச்சு மிஸி. தீந்து ரெண்டு வாரம் ஆச்சு. லோரிய விட்டுட்டுக் கிளினிக் போவ முடியல."

"சந்தையில பாத்தப்ப வீட்டுக்குப் போயிப் போடுறேன்னீங்களே?"

"கடையில நாலு பேரு இருந்தாங்க. எப்படிச் சொல்றது?"

"இன்னிக்கு மட்டும் எப்படிச் சொன்னீங்க?"

"உங்ககிட்ட என்னா மிஸி. எப்படியும் திட்டுவீங்க. நேத்து படியேறுறப்ப நெஞ்சு கொஞ்சம் புடிச்ச மாதிரி இருந்துச்சு, அதான் சொல்லிடலாம்னு…"

லோரியைத் தொடக்கூடாது, இருந்த இடத்தைவிட்டு அசையக்கூடாது என்று சொல்லிவிட்டு ஆம்புலன்ஸை அனுப்பிவைத்தேன். நானும் பின்னாலேயே போனேன். குழாய் மறுபடி அடைக்க ஆரம்பித்திருக்கிறது, முழுசாக அடைக்கவில்லை, நல்ல நேரத்தில் வந்தார் என்று அங்கே சொன்னார்கள். இதை நான் எழுதுகிற இந்த நேரத்தில் அண்ணன் கட்டிலில் சாய்ந்துகொண்டு, ஆஸ்பத்திரிக் கஞ்சியில் உப்பில்லை என்று அஞ்சலையோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்.

தம்பி, சிவப்பு வருகிறது. நாளைக்குக் காலையில் ஒரு வீட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது, யாரோ இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள்.