சோறு தின்னுற இடம்

இன்றைக்குக் காலையில் ஒரு கல்யாண மண்டபத்துக் குசினியிலிருந்து, நீ எந்தக் கறிக்கும் போடுகிற றம்பை இலை எண்ணெயில் பொரிகிற மணம் வந்தது. உடனே நீ என் பக்கத்தில் வந்து குந்திக்கொண்டாய். மௌத்தாகி மண்ணுக்குள் போனவளும் இன்டர்வியூவுக்கு வருவாளா என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சமையல் வேலை கேட்டுப் போயிருந்தேன். இவருக்குக் காலில் அடிபட்டதிலிருந்து வீட்டில் உலை கொதிப்பது என் கையில்தான். வேலை கிடைக்கவேண்டுமென்று சலவாத்துச் சொல்லிக்கொண்டே படியேறினேன்.

முந்தி ஒருநாள் அறுகம்பேயில் ஒரு கெஸ்ட் ஹவுஸுக்கு நாம் இரண்டு பேரும் வேலை கேட்டுப் போனோமே. பொத்துவிலில் இறங்கி இளநீர் குடித்தாய். இனிப்பில்லை என்று சண்டை பிடித்து, விற்றவனையே ஒரு வாய் குடிக்க வைத்தாய். அது வேறு கதை.

கெஸ்ட் ஹவுஸ்காரப் பொடியன் கேட்டுக்கொண்டே போனான். நண்டு ஆக்கத் தெரியுமா, வெள்ளைக்காரருக்கு உறைப்பில்லாமல் சமைப்பீங்களா, அடிக்கடி லீவு கேப்பீங்களா. நான் எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டினேன். நீ முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாயைத் திறந்தாய்.

"கேட்டு முடிஞ்சா தம்பி? இனி நாங்க கேக்கிற. வேல செய்யிறாக்கள் சோறு தின்னுற இடம் எங்க?"

"பின்னால எங்கயாச்சும்..." என்று இழுத்தான்.

எழும்பிப் போய்ப் பார்த்தாய். கக்கூஸ் தண்ணி ஓடுகிற கானுக்குப் பக்கத்தில், கொதிக்கிற வெயிலில், கவிழ்த்துப் போட்ட மீன்பெட்டிகள். இலையான் மொய்த்துக் கிடந்தது.

"எங்களுக்குச் சரிவராது, மனே" என்று பொடியனிடம் சொன்னாய்.

எங்களுக்கு! என்னையும் சேர்த்தல்லவா சொன்னாய். பஸ்ஸில் உன்னைக் கிள்ளியே எடுத்தேன்.

"விசரா புள்ள உனக்கு? அவன்தானே நம்மளப் பாத்து எடுக்கிற?"

"மாப்பிள்ள கேட்டுப் போனா அவங்க மட்டுமா நம்மளப் பாக்கிற? நாமளும் கிணத்தடி வரைக்கும் சுத்திக் கிறுகிப் பாக்கிறதானே?"

"ஓம், அப்பிடிப் பாத்துத்தான் உனக்கு அந்தத் தங்கக்கட்டி கிடைச்ச."

உன்னை விட்டுவிட்டுப் போன புருஷனைத்தான் குத்திக் காட்டினேன். கோபிப்பாய் என்று நினைத்தேன். நீயோ பஸ்ஸே திரும்பிப் பார்க்கச் சிரித்தாய்.

"அண்டைக்கி ஒருத்தரும் ஒண்டும் கேக்காம உட்டதாலதான் புள்ள, இண்டைக்கி நான் கேக்கிற."

இன்றைக்கு மண்டபத்து மனேஜரும் தன் கேள்வியெல்லாம் கேட்டு முடித்தார். ஆக்கிக் காட்டிய கறியை ருசி பார்த்து, கைப்பக்குவம் பிடித்திருக்கிறது, நாளைக்கே வரலாம் என்றார். அத்தோடு வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். நீ விட்டால்தானே!

"வேல செய்யிறாக்கள் எங்க இருந்து தின்னுற?" என்று கேட்டுவிட்டேன்.

"இருந்து தின்ன நேரமெங்க ராத்தா? நிண்டுகொண்டே ரெண்டு வாய் போட்டாப் போதும்."

"அப்ப எனக்குச் சரிவராது" என்றேன். வீட்டு உலை நினைவுக்கு வரத்தான் செய்தது. ஆனாலும் சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து, கதிரையை முற்றத்தில் இழுத்துப் போட்டு, காலை நீட்டி இருந்து, மீந்த சோற்றைத் தின்றேன். வேலை இன்னும் இல்லை. அக்கரைப்பற்றில் ஒரு கடைக்கு ஆள் தேடுகிறார்களாம், நாளைக்குப் போகிறேன். அவர்கள் என்னைப் பார்க்கட்டும். நாமும் பார்ப்போம் புள்ள.